மேற்கணக்கில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை

ஜோசப்பினுக்குச் சண்முகவடிவைக் கண்டாலே ஆகாது. ஆகாது என்று நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இது அந்த ரகமில்லை. அந்தப் பெண் எதிரே குடை பிடித்துக்கொண்டு வந்தால் இவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும். அவள் தலையில் ஒரு ரோஜாப்பூ இருந்துவிட்டால், எந்தப் பிள்ளைத்தாய்ச்சி கொண்டுவந்து கொடுத்தாளோ என்று அன்று முழுக்கச் சோறு இறங்காது. இத்தனைக்கும் அவள் இவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் மோசம். கெடுதல் செய்தவளை நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறவளை என்ன செய்வது?

ஜோசப்பின், வட்டவளைக்கு மேலே இருந்த ஈரமலைத் தோட்டத்தின் மருத்துவச்சி. நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கினிகத்தேனையில் பேக்கரி வைத்திருந்தவரின் மகள். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்திலேயே, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்த டக்ளஸைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தவள். படித்த படிப்புக்கு டிஸ்பென்சரியில் வேலையும் கிடைத்தது. வெள்ளைச் சேலை, கறுப்புச் சப்பாத்து. அந்த மலையில் மழை வருஷத்தில் பாதி நாள் கொட்டும். ஆனாலும் அவள் சேலைக் கரையில் சேறு பார்த்தவர் கிடையாது. எழுபத்து நாலில் அரிசிக்கும் மாவுக்கும் பஞ்சம் வந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் அத்தனையும் பட்டினி கிடந்தபோது, பிள்ளை பெற்றவளுக்குப் பால்மா கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று பங்களா வாசலில் போய்க் குந்தியவள் அவள்தான். அவள் கையில் ஒரு தாயும் போனதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிலுவை போட்டுக்கொள்வாள்.

அவள் லயத்துக்குள் கால் வைத்தால் பெண்கள் எழுந்து நிற்பார்கள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். கைப்பிள்ளைக்காரிகள் கொய்யாப்பழம் கொண்டுவருவார்கள், சௌசௌக்காய் கொண்டுவருவார்கள், முட்டையிட்ட கோழி வைத்திருப்பவள் முந்தானையில் முடிந்து முட்டை கொண்டுவருவாள். இரண்டு கணக்குக்கும் அவள் ஒருத்திதான். அந்தத் தோட்டத்தில் பிரிவுக்குக் கணக்கு என்று பேர். மேலே இருப்பது மேற்கணக்கு, ஆற்றோரம் இருப்பது கீழ்க்கணக்கு. இரண்டிலும் அவள்தான் ராணி.

அரசாங்கம் தோட்டத்தை எடுத்து நாலைந்து வருஷம் கழித்து, கீழ்க்கணக்குக்கு என்று தனியாக ஒரு மருத்துவச்சியைப் போட்டார்கள். போட்டதும் போட்டார்கள், யாரைப் போட்டார்கள்? அதே கீழ்க்கணக்கில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நல்லமுத்துவின் மகளை! லயத்து ஒற்றையறைக் காம்பராவில் பிறந்த பிள்ளையை! சின்ன வயதில் அம்மைத்தடுப்பு ஊசி போட்ட அன்று ஜோசப்பினின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதவளை!

அந்தச் சண்முகவடிவு செய்த முதல் காரியம், பிள்ளை பெற்றவளை வீட்டுக்குப் பார்க்கப் போன இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்ததுதான். "மதினி, ஒரு வாய் தேத்தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்ததுதான். கீழ்க்கணக்குக் கொய்யாப்பழமெல்லாம் ஒரே வருஷத்தில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"உத்தியோகத்துக்கு ஒரு மரியாதை வேணாமா? சாக்குல குந்திக்கிட்டு, மதினியாம் சித்தியாம்" என்று ஜோசப்பின் வீட்டில் பொரிந்து தள்ளுவாள்.

"ஏன் ஜோசி, ஒனக்கும் சாக்குல குந்தணும்னு ஆசையா இருக்கா?" என்பார் டக்ளஸ், தேயிலை மணக்கிற சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"எனக்கென்ன வந்துச்சு? நான் யாரு, அவ யாரு?"

"அதத்தான வருசக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்க. இன்னும் பதில் கெடைக்கலியா?"

அவருக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

எண்பத்திரண்டில் விஷயம் விளையாட்டைத் தாண்டியது. இரண்டு கணக்குக்கும் நடுவில், பழைய குதிரை லாயம் இருந்த இடத்தில், பிரசவ வார்டு ஒன்று கட்டி முடித்தார்கள். ஆறு கட்டில், கண்ணாடி ஜன்னல், குழாயில் தண்ணீர். அதற்குப் பொறுப்பாக ஒருத்திதான் இருக்க முடியும். மற்றவள் அவளுக்குக் கீழே. வார்டு கட்டக் கல் வந்து இறங்கிய நாளிலிருந்தே ஜோசப்பின் அதைத் தன் வார்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் துணிக்கு நிறம்கூட யோசித்து வைத்திருந்தாள். அது கைவிட்டுப் போய், அந்தப் பெண்ணுக்குக் கீழே நின்று "சரிங்க மிஸ்" சொல்வதற்குப் பதில் ஆற்றில் விழலாம் என்று டக்ளஸிடமே சொன்னாள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கக் கண்டியிலிருந்து ஒரு டாக்டர் நோனா வந்தார். சிங்களப் பெண்மணி. தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். மருத்துவச்சிகள் இருவரையும் டிஸ்பென்சரியில் உட்காரவைத்துச் சொன்னார்:

"தாய் சாகல்ல, பிள்ளை சாகல்ல. ரெண்டு பேரும் நல்ல வேலை. ஆனா அது போதாது. பிள்ளை பெத்த பொறகு தாய்க்கு எப்படி? கூடை தூக்க ஏலுமா? மலை ஏறக்குள்ள நோவுதா? ராத்திரி நித்திரை வருதா? நோவுதுன்னு சொன்னா நர்ஸ் காது குடுக்கிறதா? இது நீங்க சொல்றது இல்ல. தாய்தான் சொல்லோணும். நான் தாய்கிட்ட கேக்கிறேன்."

ஜோசப்பினுக்குச் சுரீர் என்றது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்தவளின் வேலைக்கு, கொழுந்து பறிக்கிறவள் வந்து மதிப்புப் போடுவதா? வீட்டுக்கு வந்து சட்டியைத் தொம்மென்று வைத்தாள்.

"நான் செஞ்ச வைத்தியம் நல்லாயிருந்துச்சா இல்லையான்னு அவளுககிட்டக் கேக்கப்போறாங்களாம்! இதென்னங்க அநியாயம்?"

"கறியில உப்பு இருக்கா இல்லையான்னு சாப்புடுறவன்தான சொல்லணும்? சமைச்சவளா சொல்றது?" என்றார் டக்ளஸ்.

"நான் வச்ச கறியில என்னிக்கு உப்பு இல்லாம இருந்துச்சு?"

"நான் சொன்னாத்தான தெரியும்? நான் எங்க சொன்னேன், எனக்கு உசிரு மேல ஆசையிருக்குல்ல!"

அவள் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை அப்போது அவள் காதில் ஏறவும் இல்லை.

மறுநாள் டாக்டர் நோனா வருகிறார் என்று மேற்கணக்கில் பேச்சு பரவிவிட்டது. பேச்சோடு பயமும் பரவியது. அந்த மக்களிடம் கேள்வி கேட்க வந்தவர்கள் யாரும் நல்லது செய்து போனதில்லை. இந்தியாவா இலங்கையா என்று கேட்டு வந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பெட்டி படுக்கையோடு தலைமன்னார் ரயிலேறி, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்குப் போனார்கள். இன்னமும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது உடம்பைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வருகிறதென்றால் சும்மாவா?

ஜோசப்பின் அன்று சாயங்காலம் லயத்துப் பக்கம் போனபோது வீரம்மா ஓடிவந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள்; மூன்றும் ஜோசப்பின் கையில் விழுந்தவை.

"அம்மா, ஒடம்பு சொகமில்லைன்னு சொல்றவங்க பேரை வெட்டிப்புட்டு கப்பல்ல ஏத்திருவாங்களாமே, நெசமாங்க?"

நிஜமில்லை என்று ஜோசப்பினுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் கண்ணாடி ஜன்னல் வைத்த வார்டின் வாசலில் ரோஜாப்பூ வைத்துக்கொண்டு நிற்கிற சண்முகவடிவு கண்ணுக்குள் வந்துவிட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுடி. கேட்டாங்கன்னா சொகமா இருக்கோம்னு சொல்லிட்டுப் போங்க. எதுக்கு வம்பு?" என்றாள்.

வீரம்மா தலையாட்டினாள். அன்றைக்கே அது கடைசி லயம் வரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பகல் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் டாக்டர் நோனா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜோசப்பின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. சரி, பக்கத்தில் நிற்கவில்லை. எதிரே சவுக்கு மரத்தடியில் குடை பிடித்து நின்றாள். எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற இடம். கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

"கூடை தூக்கக்குள்ள நோவுதா?"

"இல்லீங்க, சொகமா இருக்கேங்க."

"நித்திரை வருதா?"

"சொகமா வருதுங்க."

"நர்ஸ் மேல ஏதும் குறை?"

"அவுங்க எங்களுக்குச் சாமிங்க."

கடைசிப் பெண் வரை அதே பாட்டு. மரத்தடியில் ஜோசப்பினுக்கு உச்சி குளிர்ந்தது.

கீழ்க்கணக்கில் நடந்ததை டக்ளஸ் ஸ்டோரில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். அங்கேயும் அதே கப்பல் புரளிதான் வந்திருக்கிறது. சண்முகவடிவு முதல் நாளே வீடு வீடாகப் போய், "கப்பலுமில்லை கிப்பலுமில்லை மதினி. இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க. எம்மேல கோவம்னா அதையும் சேத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாளாம். சொல்லச் சொன்னால் விடுவார்களா? ஒருத்திக்கு இடுப்பில் குத்தல், ஒருத்திக்கு இருமினால் சேலை நனைகிறது, ஒருத்தி வடிவு மருந்து கொடுக்க மறந்துபோனதைச் சொன்னாள், இன்னொருத்தி வடிவு வாயாடி என்றே சொல்லிவிட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் டாக்டர் நோனா எழுந்திருக்க முடியவில்லை.

"கேணச்சிறுக்கி! தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா" என்றாள் ஜோசப்பின். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோனியாருக்குப் பெரிய மெழுகுதிரியாக வாங்கி ஏற்றினாள்.

நினைத்தபடிதான் நடந்தது. கொழும்பில் இருந்த பெரிய ஆபீஸ் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒரு பக்கம் குறையே இல்லை, மறுபக்கம் குறைக்கு மேல் குறை. வார்டு ஜோசப்பினுக்கு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்ல வந்த டாக்டர் நோனாவின் முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷமும் இல்லை.

"ஒங்க கணக்கில ஒருத்திக்கும் ஒரு நோவும் இல்ல. எனக்கே முதுகு நோவுது, மிஸிஸ் டக்ளஸ். கொழுந்துக்கூடை தூக்குற பொம்பிளைக்கு நோவு இல்லையா?" என்று கேட்டார். பிறகு, "கீழ்க்கணக்கில சொன்னாங்க. இப்ப நாங்க மருந்து குடுக்கிறோம். மேல யாருக்கு என்னா குடுக்கிறது?" என்றார்.

"நல்லா இருக்கவங்களுக்கு எதுக்குங்க மருந்து?" என்றாள் ஜோசப்பின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பக்கத்தில் நின்ற சண்முகவடிவு, "சந்தோசங்க்கா" என்று சொல்லிக் கையைப் பிடித்தாள். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தாள். பாவி, அதிலும் ஒரு குறை வைக்கவில்லையே!

வார்டில் இளநீலத் திரை தொங்கியது. ஜோசப்பின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மாதம் போல அந்தச் சந்தோஷம் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் காலை, சண்முகவடிவு ஒருத்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். பார்த்தால், வீரம்மா. மேற்கணக்குக்காரி, கீழ்க்கணக்கு மருத்துவச்சியோடு!

"அக்கா, இவங்களுக்கு அடி இறங்கிப்போச்சு. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். நீங்கதான் துண்டு குடுக்கணும்" என்றாள் வடிவு மெதுவாக.

ஜோசப்பின் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. இன்று நேற்று இறங்கியதில்லை. வீரம்மா பழந்துணியைச் சுருட்டி வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டின இடமெல்லாம் புண்.

"எப்ப இருந்துடி?"

"கடைசிப் பய பொறந்ததுல இருந்துங்க."

கடைசிப் பயல் லயத்து வாசலில் ஓடி விளையாடுகிறான். இத்தனை காலம் இந்தக் கட்டோடு கூடை தூக்கி மலை ஏறியிருக்கிறாள். நாலு நாளைக்கு ஒருதரம் இவள் முன்னால் எழுந்து நின்று, "சொகந்தாங்க" என்று சிரித்திருக்கிறாள்.

ஜோசப்பினுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலில் வந்தது அந்த எரிச்சல்தான்.

"ஒனக்கு மூணு பிள்ளையும் நான் எடுத்தேன். எங்கிட்டச் சொல்லாம, மலையை எறங்கிப் போய் அவகிட்டச் சொன்னியா? ஏன்டி? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வீரம்மா தரையைப் பார்த்தாள்.

"ஒங்ககிட்ட எப்புடிங்கம்மா சொல்றது? எம்புட்டுப் பேரைக் காப்பாத்துனவுங்க நீங்க. ஒங்க வேலையில போயி நொட்டை சொல்லலாமா? நன்னி கெட்டவளாயிர மாட்டேனா? மனசு சங்கடப்படுவீங்கன்னு..."

"அப்ப அவகிட்ட மட்டும்?"

"அவ நம்ம வடிவுதானுங்களே" என்றாள் வீரம்மா சாதாரணமாக. பிறகு, குற்றம் சொல்வது போல இல்லாமல், மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது போல, "நீங்கதானங்கம்மா அன்னிக்குச் சொகம்னு சொல்லிட்டுப் போகச் சொன்னீங்க" என்றாள்.

ஜோசப்பின் துண்டை எழுதிக் கொடுத்தாள். சண்முகவடிவு ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அந்தப் பெருந்தன்மையைத்தான் ஜோசப்பினால் தாங்கவே முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் டக்ளஸைக் கேட்டாள்: "கறியில உப்பு இருக்கா?"

அவர் தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் கூடத்தான் இருக்கு. கல்யாணமான நாள்ல இருந்தே" என்றார். இந்தத் தடவை அவர் விளையாடவில்லை.

அதற்குப் பிறகு ஜோசப்பினைப் பிடித்தது புதுப் பொறாமை. முன்னே கொய்யாப்பழத்துக்குப் பொறாமைப்பட்டவள், இப்போது குறைக்குப் பொறாமைப்பட்டாள். கீழ்க்கணக்குப் பெண்கள் வாய் கிழிய வடிவிடம் சண்டை போடுகிறார்கள். நேற்றுக் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்று முகத்துக்கு நேரே எறிகிறார்கள். மேற்கணக்கில் ஓர் ஈ காக்கை இவளைப் பார்த்து முணுமுணுக்காது. கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டாள். "எங்கடி வலிக்குது? சும்மா சொல்லு." "சொகமா இருக்கேங்கம்மா." கப்பல் வராது, பேர் வெட்ட மாட்டார்கள் என்று லயம் லயமாகப் போய் அன்று விழுங்கின வார்த்தையைச் சொன்னாள். "சரிங்கம்மா, சொகந்தாங்கம்மா" என்றார்கள். ஒரு நாள் ஒரு காம்பராவில் சாக்கில் உட்கார்ந்துகூடப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரி பதறிப்போய், ஓடிப்போய் நாற்காலி இரவல் வாங்கி வந்துவிட்டாள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறி, வீரம்மா வார்டுக்குக் காட்ட வந்தாள். ஜோசப்பின் கை கழுவிக்கொண்டு வந்து அவளைக் கட்டிலில் படுக்கவைத்தாள். அன்றைக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"வீரம்மா, எம்மேல ஒரு கொறை சொல்லு."

"ஐயையோ, என்னாங்கம்மா இது!"

"சொல்லாட்டி இன்னிக்கு ஒன்னை இங்கருந்து எந்திரிக்க விடமாட்டேன். அவகிட்ட மட்டும் அத்தனையும் கொட்டுறீங்கல்ல? எனக்கு ஒண்ணு குடுத்தா கொறைஞ்சா போயிருவீங்க? ஒரே ஒரு கொறை சொல்லுடி, தாயி!"

நர்ஸம்மாவின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து வீரம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், முந்தானையைத் திருகினாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாதா சத்தியமா மாட்டேன்."

"ஒங்க கைங்கம்மா... ரொம்பச் சில்லுனு இருக்குங்க. வயித்துல வச்சீங்கன்னா உசிரு ஒருதரம் போயிட்டு வருதுங்க."

உடனே பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆமாங்கம்மா. ஐஸ்கட்டி தானுங்க." ஜன்னலோரத்தில் படுத்திருந்தவள் போர்வைக்குள் சிரித்தாள். "எங்க அக்கா ஒங்க கைக்குப் பயந்துதான் வலி வந்தும் வாய மூடிக்கிட்டு இருந்துச்சுங்க!"

ஜோசப்பின் தன் கைகளைப் பார்த்தாள். அந்த மலையின் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கழுவிச் சிவந்த கைகள். அவை பட்ட ஒவ்வொரு வயிறும் சுருங்கியதை அவள் பார்த்துத்தான் இருந்தாள். "நெளியாம படுடி" என்று அதட்டித்தான் பழக்கம்.

சாயங்காலம் மழை விட்டும் விடாமலும் இருந்தது. அவள் குடையைக்கூட எடுக்காமல் கீழ்க்கணக்குக்கு இறங்கினாள். சேலைக் கரை முழுக்கச் சேறு. சண்முகவடிவு கதவைத் திறந்து, "என்னங்க்கா, இந்த ஈரத்துல!" என்று பதறினாள்.

"இங்க பாரு," என்றாள் ஜோசப்பின் மூச்சு வாங்க. "நீ ஒருத்தி மட்டும்தான்னு நெனைச்சுக்காத. எங்க மேற்கணக்குலயும் எம்மேல கொறை சொல்லிட்டாளுக. அதுவும் மூணு பேரு, என் மூஞ்சிக்கு நேரா!"

"என்னா சொன்னாங்க?"

"என் கை சில்லுனு இருக்காம்."

சண்முகவடிவு சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பில்லை, பல் தெரிகிற நல்ல சிரிப்பு.

"அதுவாங்க்கா? நான் வேலைக்கு வந்த மொத வாரத்துலயே எங்க சித்தி அதத்தான் சொல்லித் திட்டுச்சு. அப்ப இருந்து சுடுதண்ணியில கைய வச்சு எடுத்துட்டுத்தான் யாரையும் தொடுறேன்."

கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் ஜோசப்பினின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து, அழுது கெஞ்சி வாங்கின ஒரே ஒரு குறை. அதையும் இவள் முதல் வாரத்திலேயே, கேட்காமலே வாங்கி வைத்திருக்கிறாள்.

"அடிப்பாவி, இதுலயும் நீதான் முந்திக்கிட்டியா!" என்றாள். வயிறு பழையபடி எரிந்தது. ஆனாலும் திரும்பிப் போகாமல், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே கிடந்த சாக்கைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லித் தொலை. தண்ணி எம்புட்டுச் சூடு இருக்கணும்?"